நமக்கு முன்னால் கேட்டவர்

நெல்லைப் பக்கத்துக் கோயில் கொடையைச் செல்போனில் பதிவு செய்து பார்த்தவர்களுக்கு அந்த ஏமாற்றம் தெரியும். ஊர் முக்கூடலாக இருக்கலாம், தாமிரபரணிக் கரையில் வேறு எதுவாகவும் இருக்கலாம். மேடையில் வில்லுப்பாட்டு நடக்கிறது. குடமும் உடுக்கையும் ஜால்ராவும் ஒன்றையொன்று முந்துகின்றன. கோயில் வாசலில் நையாண்டி மேளம். சீரியல் செட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டர் ஒரு மூலையில் உறுமுகிறது. ஊதல் விற்பவர், அழுகிற பிள்ளை, நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை வாசிக்கும் இன்னொரு மைக். இத்தனைக்கும் நடுவில் நின்றபோது கதை முழுக்க விளங்கியது. இடையில் அத்தை கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லியாயிற்று. மறுநாள் போனில் போட்டுப் பார்த்தால் ஜெனரேட்டர்தான் கதாநாயகன்.

போனில் ஒரு கோளாறும் இல்லை. அது உள்ளதை உள்ளபடி பதிந்திருக்கிறது. உள்ளதை உள்ளபடி கேட்காதவர்கள் நாம்தான்.

காலின் செர்ரி என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1953இல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஹெட்போன் மாட்டியவரின் ஒரு காதில் ஒரு பேச்சு, மறு காதில் வேறொரு பேச்சு. ஒன்றை மட்டும் கேட்டு உடனுக்குடன் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைச் செய்வதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. ஆச்சரியம் அடுத்த காதில் இருந்தது. அதில் என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஏறக்குறைய ஒன்றும் தெரியவில்லை. ஆண் குரல் பெண் குரலாக மாறினால் கவனித்தார்கள். ஆனால் பேச்சு ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. செவிப்பறை இரண்டும் ஒழுங்காக அதிர்ந்திருக்கின்றன. மூளை ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

மைக்குக்கு அந்த வாசல் கிடையாது. எனவே மைக் பிடித்துவந்ததை அப்படியே தியேட்டரில் ஒலிக்கவிட்டால், கொடையைப் பதிந்த போன் மாதிரிதான் இருக்கும் சினிமாவும். எதை எடுப்பது, எதை ஒதுக்குவது, எதைப் பாதி மறைத்துப் பாதி காட்டுவது என்று நம் மூளை செய்ய வேண்டிய வேலையை, நமக்கு முன்னாலேயே ஒருவர் உட்கார்ந்து செய்து முடித்திருக்க வேண்டும். அவர்தான் மிக்ஸிங் இன்ஜினியர். தமிழ் சினிமாவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் எச். ஸ்ரீதருக்கு இணையாகச் சொல்ல அதிகம் பேர் இல்லை. 2008 டிசம்பர் 1ஆம் தேதி அவர் காலமானார்.

அவரை நினைவுகூர்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பாடகர் இறந்தால் பாட்டைப் போடலாம், நடிகர் இறந்தால் படத்தைக் காட்டலாம். மிக்ஸிங் செய்தவர் இறந்தால் எதைக் காட்டுவது? அவர் வேலை சரியாக இருந்தால் அது யார் கண்ணிலும் படாது, காதிலும் படாது. வசனம் புரியவில்லை, பாட்டில் மேளம் மட்டும் இடிக்கிறது என்று எரிச்சல்படும்போதுதான் இப்படி ஒரு தொழில் இருப்பதே நினைவுக்கு வருகிறது. அதனால் ஸ்ரீதரைப் பற்றிப் பேசுவதற்கு இருக்கும் நேர்வழி, காதைப் பற்றிப் பேசுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஒரு விவரம். சிறந்த ஒலிப்பதிவுக்கான தேசிய விருது அவருக்கு நான்கு முறை கிடைத்தது. 1993ஆம் ஆண்டுப் படங்களில் கமல்ஹாசனின் ‘மகாநதி’, 1998இல் ‘தில் சே’, 2001இல் ‘லகான்’, 2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’. இவற்றில் ‘தில் சே’ விருது மட்டும்தான் அவருக்குத் தனியாக வந்தது. ‘மகாநதி’யில் கே. எம். சூர்யநாராயணனும், ‘லகா’னில் நகுல் காம்டேயும், ‘கன்னத்தில் முத்தமிட்டா’லில் ஏ. எஸ். லட்சுமிநாராயணனும் அவரோடு பகிர்ந்துகொண்டார்கள். ‘மகாநதி’க்கு இசை இளையராஜா. மற்ற மூன்றுக்கும் ஏ. ஆர். ரஹ்மான். கோடம்பாக்கத்தில் ரஹ்மான் வீட்டை ஒட்டிய பஞ்சதன் ஸ்டுடியோவிலிருந்து வெளிவந்த எத்தனையோ இசைத்தட்டுகளின் அட்டையில், பொடி எழுத்தில், ஸ்ரீதரின் பெயர் இருக்கும்.

படம் ஒன்றின் ஒலி மூன்று வழியாக மிக்ஸிங் தியேட்டருக்கு வந்து சேர்கிறது. ஒன்று வசனம். பெரும்பாலும் டப்பிங்கில் பேசியது. ‘லகான்’ போன்ற படங்களில் படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே நேரடியாகப் பதிந்தது. இரண்டாவது இசை, அதாவது பாட்டும், ஆர்.ஆர். என்று சினிமாக்காரர்கள் சொல்லும் பின்னணி இசையும். மூன்றாவது எஃபெக்ட்ஸ்: காலடி, கதவு, மழை, வண்டி, துணி உரசல், தூரத்து நாய். மூன்று ஆறு கூடுகிற இடம் என்று முக்கூடல்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் ஆறுகள் கூடினால் எது எந்த ஆற்றுத் தண்ணீர் என்று பிறகு சொல்ல முடியாது. மிக்ஸிங்கில் அப்படி ஆகிவிட்டால் தோல்வி. மூன்றும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும், ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கவும் வேண்டும். இது ஏன் கஷ்டம் என்பதற்கான காரணம் மிக்ஸர் கருவியில் இல்லை. நம் மண்டைக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு குழாயில் இருக்கிறது.

உட்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட காக்ளியாவை நீட்டிவைத்தால் மூன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அதன் நடுவில் ஒரு சவ்வு ஓடுகிறது. வாசல் பக்கம் உள்ள சவ்வு கீச்சென்ற ஒலிகளுக்கு அதிர்கிறது, கடைக்கோடி கனத்த ஒலிகளுக்கு அதிர்கிறது. ஒலி ஓர் அலையாக அந்தச் சவ்வின் மேல் பயணம் செய்வதைக் கண்டுபிடித்த கியார்க் வான் பெக்கெசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பயணத்தில்தான் சிக்கல் இருக்கிறது. புல்லாங்குழலின் மேல் சுரம் வாசலருகிலேயே அதிர்ந்து அடங்கிவிடுகிறது. தவிலின் கனத்த பக்கமோ கடைக்கோடி வரைக்கும் போக வேண்டும். போகிற வழியில் வாசல் பக்கத்துச் சவ்வையும் உலுக்கிவிட்டுத்தான் போகிறது. எனவே கனத்த ஒலி கீச்சொலியை எளிதில் அமுக்கும், கீச்சொலியால் கனத்ததை அவ்வளவு எளிதில் அமுக்க முடியாது. கொடையில் ஜெனரேட்டர் ஜெயித்ததற்கு இது ஒரு காரணம்.

இப்போது ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடகியின் குரலில் உயிரெழுத்துகளுக்குத்தான் சக்தி அதிகம். வார்த்தை புரிவதற்குக் காரணமான மெய்யெழுத்துகள், ‘ச்’, ‘ட்’, ‘க்’ என்பவை எல்லாம், நோஞ்சான்கள். அவற்றின் அடையாளம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. நல்லவேளையாக, நம் காதும் அங்கேதான் மிகக் கூர்மையாக இருக்கிறது. காதுத் துவாரம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். அந்த நீளத்துக் குழாய் இயல்பாகவே 3,400 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைக் கூட்டிக் கொடுக்கும். ஆனால் வயலின்களும் கிட்டாரும் சிம்பலும் அதே இடத்தில்தான் பளபளக்கின்றன. எல்லாவற்றையும் தனித்தனியே கேட்டு, ஒவ்வொன்றையும் மிக அழகாக்கிவிட்டு, பிறகு ஒன்றாக ஓடவிட்டால் வார்த்தை காணாமல் போகும். புதிதாக மிக்ஸிங்குக்கு வருகிறவர்கள் விழும் குழி இது. பாடகியின் வால்யூமை ஏற்றத் தோன்றும். ஏற்றினால் இசை சிறுத்துப்போகும். இசையை ஏற்றத் தோன்றும். இப்படியே இரண்டும் ஏறி ஏறிக் கடைசியில் காது வலிக்கும்.

அனுபவசாலி ஏற்றுவதைவிட இறக்குவதைத்தான் அதிகம் செய்கிறார். குரல் வருகிற நேரத்தில் மட்டும் வயலின்களிலிருந்து 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு சின்னப் பகுதியைச் சற்றுக் குறைக்கிறார். குரல் நின்றதும் அதைத் திருப்பிக் கொடுக்கிறார். பேஸ் கிட்டாரும் டிரம்மும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும்போது ஒன்றைக் கொஞ்சம் கீழேயும் மற்றதைக் கொஞ்சம் மேலேயும் நகர்த்துகிறார். ஒரு பலத்த அடி விழுந்தால் அதற்குப் பிறகு பத்தில் ஒரு பங்கு விநாடிக்கு மேல்கூடக் காது மந்தமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த இடுக்கில் மெல்லிய ஒலி எதையும் வைக்கமாட்டார், வைத்தாலும் வீண். ரஹ்மானின் பாட்டுகளில் அடுக்கு அடுக்காக ஒலிகள் இருக்கும். புதிதாகக் கேட்கும்போது கவனிக்காத ஒரு கைத்தட்டலோ முணுமுணுப்போ பத்தாவது தடவையில் தென்படும். இத்தனை அடுக்குக்கும் இடம் எப்படிக் கிடைத்தது? இசையமைப்பாளர் போட்டுவைத்தது ஒரு பாதி. மற்றப் பாதி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செதுக்கி எடுத்து இடம் உண்டாக்கிய கை.

இடம் என்றதும் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் நினைவுக்கு வருகிறது. ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண்களைத் தட்டிப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். அதே அளவு அதிசயம் பிராகாரத்தில் இருக்கிறது, அதற்குக் கட்டணமும் கிடையாது. தூரத்தில் நாகஸ்வரம் வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். வாசிப்பவர் கிட்டே வருகிறாரா, தள்ளிப் போகிறாரா என்று தெரியும். சத்தம் கூடுவதும் குறைவதும் மட்டும் அதற்குக் காரணம் இல்லை. குழலிலிருந்து நேராக வரும் ஒலி ஒன்று, கல்லில் பட்டுப் பட்டுத் திரும்பி வரும் எதிரொலிக் கூட்டம் இன்னொன்று. நேரொலியின் பங்கு கூடினால் ஆள் பக்கத்தில். எதிரொலியின் பங்கு கூடினால் ஆள் தூரத்தில். இந்தக் கணக்கை மூளை தானாகப் போட்டுக்கொள்கிறது. மிக்ஸிங்கில் குரலைச் செயற்கை எதிரொலியில் நனைப்பதும் நனைக்காமல் விடுவதும் இதற்காகத்தான். உங்கள் காதோரம் வந்து பாடுவதுபோல் ஒரு குரலும், அடுத்த மலையிலிருந்து வருவதுபோல் ஒரு கோரஸும் ஒரே பாட்டில் இருந்தால், இரண்டுமே கோடம்பாக்கத்தில் ஒரே அறையில், மைக்குக்கு முன்னால் நின்று பாடியவையாக இருக்கலாம்.

ஸ்ரீதர் தொழிலில் உச்சத்தில் இருந்த ஆண்டுகள், தமிழ்நாட்டுத் தியேட்டர்களின் ஒலி தலைகீழாக மாறிய ஆண்டுகளும்கூட. அதற்கு முன்பு பிலிமின் ஓரத்தில் ஒரு ஒளிக்கோடாகத்தான் ஒலி அச்சாகியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை: ஒரு காட்சிக்கான ஒலி அந்தக் காட்சிக்குப் பக்கத்திலேயே இருக்காது. ஏறத்தாழ 20 ஃபிரேம் முன்னால் தள்ளி இருக்கும். படம் காட்டும் வாசலில் பிலிம் விநாடிக்கு 24 முறை நின்று நின்று நகர வேண்டும், ஒலியை வாசிக்கும் இடத்திலோ குலுங்காமல் ஓட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டும் நடக்காது என்பதால் இந்த ஏற்பாடு. அந்த ஒளிக்கோட்டு ஒலி திரைக்குப் பின்னால் ஒரே இடத்திலிருந்து வந்தது. வசனம், வயலின், வெடிச்சத்தம் எல்லாம் ஒரே புள்ளியில்.

அதில் என்ன குறை என்கிறீர்களா? கொடைக்கு மறுபடியும் போக வேண்டியதில்லை. வீட்டில் டிவி ஓடும்போது சமையலறையிலிருந்து யாரோ கூப்பிட்டால் கேட்கிறதே, அது போதும். இரண்டு ஒலிகள் வெவ்வேறு திசையிலிருந்து வந்தால் மூளைக்குப் பிரிப்பது சுலபம். ஒரு பக்கத்து ஒலி, அந்தப் பக்கத்துக் காதுக்கும் எதிர்ப்பக்கத்துக் காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசம் அதிகபட்சம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது; மூளைக்கு அதுவே தாராளம். ஒரே திசையிலிருந்து எல்லாம் வந்தால் அந்த உதவி பறிபோகிறது. பழைய தியேட்டர்களில் இசை உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் வசனம் கரைந்துபோனதற்கு இதுவும் காரணம்.

1995இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியோடு வந்தது. 1996இல் ‘கருப்பு ரோஜா’ டி.டி.எஸ். ஒலியோடு வந்தது. டி.டி.எஸ். முறையில் அந்தப் புதிய ஒலி பிலிமில் இல்லை, பழைய ஒளிக்கோட்டுக்குப் பக்கத்தில் நேரக்குறிப்பு மட்டும் புள்ளிக்கோடாக இருக்கும். ஒலி தனியாக சி.டி.யில். பிலிம் பெட்டியோடு சி.டி.யும் ஊர் ஊராகப் போயிற்று. திரையில் இடது, நடு, வலது. சுவரில் இடது, வலது. அடிவயிற்றை உலுக்குவதற்குத் தனியாக ஒன்று. புள்ளிக்கோடு சிராய்ந்திருந்தால் கருவி தானாகப் பழைய ஒளிக்கோட்டுக்குத் தாவிவிடும். அகண்டு கிடந்த ஒலி திடீரென்று சூம்பிப்போகும், பெஞ்சிலிருந்து ‘சவுண்டு… சவுண்டு’ என்று குரல் எழும். சவுண்டு என்றால் என்ன என்று மக்களுக்குப் புரிந்த காலம் அது.

இந்த ஆறு வழிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது வேறு கேள்வி. கிடைத்த புதிதில் பல படங்களில் ஹெலிகாப்டர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது, சம்பந்தமில்லாமல் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி உடைந்தது. ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ அந்த ஆசைக்கு ஆளாகவில்லை. இலங்கைப் போர்ச் சூழல் வருகிற பகுதிகளில் குண்டுச் சத்தத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தத்துக்குள் ஒரு சிறுமி பேசுவது எழுத்துக்கு எழுத்து கேட்கிறது. குண்டைச் சிறிதாக்கினால் போர் பொய்யாகிவிடும், பெரிதாக்கினால் பிள்ளை தொலைந்துவிடுவாள். அந்தப் படத்துக்குக் கிடைத்த விருதில் நான் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தியேட்டரை விட்டு வெளியே வாருங்கள். முக்கூடல் பக்கத்தில் திண்ணையிலும் தார்சாவிலும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள், பல காலமாகப் பாட்டுக் கேட்டது திருநெல்வேலி வானொலியிலும், அலை தெளிவாக இருக்கும் நாளில் இலங்கை வானொலியிலும். டிரான்சிஸ்டரின் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவு. 80 ஹெர்ட்ஸில் அதிரும் பேஸ் கிட்டாரை அந்தச் சின்னக் காகிதக் கூம்பால் தர முடியாது. ஆனாலும் பேஸ் கேட்கிறது! எப்படி?

ஒரு தந்தி 80இல் அதிரும்போது 160, 240, 320, 400 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. சின்ன ஸ்பீக்கர் அடியில் உள்ளதை விட்டுவிட்டு மேலே உள்ள மடங்குகளை மட்டும் தருகிறது. அவற்றுக்கு இடையிலுள்ள தூரம் 80, 80 என்று இருப்பதை வைத்து, அடியில் ஒரு 80 இருந்தாக வேண்டும் என்று மூளை முடிவுகட்டி, இல்லாத அந்தச் சுரத்தைக் கேட்டுவிடுகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஆகஸ்ட் சீபெக் 1841லேயே துளையிட்ட சுழல்தட்டில் காற்றை ஊதிச் செய்த சோதனைகளில் இது தலைகாட்டியது. மிக்ஸிங் செய்பவர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். பேஸின் மடங்குகளைக் கொஞ்சம் கெட்டிப்படுத்தி வைத்தால், ஸ்பீக்கர் சின்னதானாலும் பாட்டுக்கு அடித்தளம் போகாது. இதனால்தான் ஸ்டுடியோக்களில் ஆளுயர ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு சப்பை ஸ்பீக்கரும் இருக்கும். இறுதித் தீர்ப்பைப் பல சமயம் அதுதான் சொல்கிறது.

சத்தத்தின் அளவிலும் இதே பாடுதான். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வரைந்து காட்டியபடி, வால்யூமைக் குறைக்கக் குறைக்க நம் காது கனத்த ஒலிகளை முதலில் கைவிடுகிறது. உரக்க வைத்து மிக்ஸ் செய்தது மெல்ல வைத்துக் கேட்டால் சோகையாகிவிடும். அதற்காகவே சினிமா மிக்ஸிங் அறைகளில் 85 டெசிபெல் என்று ஒரு நிலையான அளவு வைத்துக்கொண்டார்கள். மிக்ஸிங் அறையைத் தியேட்டர் என்று சொல்வதும் பொருத்தம்தான்: திரை, வரிசையாக இருக்கை, நடுவில் நூற்றுக்கணக்கான ஃபேடர்கள் கொண்ட மேசை. படத்தை ரீல் ரீலாக ஓட்டி, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் ஓட்டி. நாம் இரண்டரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு எழுந்துபோகிற படம் அங்கே வாரக்கணக்கில் ஓடுகிறது. காது களைத்தால் தீர்ப்பு தவறும் என்பதால் நடுநடுவே எழுந்துபோய்ச் சும்மா நிற்பதும் இந்த வேலையில் அடக்கம்.

ஸ்ரீதர் மறைந்தபோது ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ அமெரிக்காவில் வெளியாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதன் இசையில் அவருக்குப் பங்கு இருந்தது. 2009 பிப்ரவரியில் அந்தப் படம் எட்டு ஆஸ்கார் விருதுகளை வாங்கியதை அவர் பார்க்கவில்லை. 2010 ஜனவரியில் அந்த இசைத்தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தபோது, ஒலிப் பொறியாளர்களாகச் சேர்க்கப்பட்ட பெயர்கள் இரண்டு: பி. ஏ. தீபக், எச். ஸ்ரீதர். தமிழ்நாட்டில் அன்றைக்குத் தெருவெல்லாம் ரஹ்மான் பெயர் இருந்தது. அதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டாவது பெயரைத் தேடிப் பிடித்து எழுதியவர்கள் சிலரே.

இன்று பாட்டுச் செயலிகளில் பாடியவர், இசையமைத்தவர், பெரும்பாலும் எழுதியவர் பெயரும் வந்துவிடுகிறது. மிக்ஸ் செய்தவரின் பெயர் பல பாட்டுகளில் இல்லை. கேசட் அட்டையில் பொடி எழுத்திலாவது இருந்தது. பழைய அட்டைகள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். பாட்டை வலையேற்றும் நிறுவனங்களும் அந்த ஒரு வரியைச் சேர்க்கட்டும்: மிக்ஸிங், எச். ஸ்ரீதர்.